கூமுட்டை நாற்றம் எங்கிருந்து வருகிறது? கிணறு முதல் ரப்பர் குழி வரை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"அண்ணே, பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்?" தண்ணீர் நாறுகிறது என்று போன் செய்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நம் குமரி மாவட்டத்தில் குளச்சலிலிருந்து பேசினாலும் சரி, குலசேகரத்திலிருந்து பேசினாலும் சரி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தக் குழாயில், எந்த நேரத்தில் நாறுகிறது? அது தெரியாமல் மருந்தின் அளவைச் சொல்ல முடியாது. தப்பான இடத்தில் கொட்டிய மருந்து காசையும் தின்றுவிட்டு, எட்டாம் நாள் நாற்றத்தையும் திரும்பக் கொண்டுவரும்.

நாற்றத்தின் பெயர் ஹைட்ரஜன் சல்பைடு. அதைச் செய்வது சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியா. நாம் ஆக்சிஜனை வைத்து மூச்சு விடுவதுபோல், காற்றில்லாத இடத்தில் இவை சல்பேட்டை வைத்து மூச்சு விடுகின்றன. தின்பது அழுகும் இலை, சேறு, ரப்பர் பாலின் சீரம் போன்ற கரிமப் பொருள். வெளியே விடுவது சல்பைடு. ஆக அவற்றுக்கு மூன்று வேண்டும்: சல்பேட், தீனி, காற்றில்லாத மூலை. 1895ல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் பைஜரிங்க் என்ற அறிஞர் இவற்றை முதலில் பிரித்தெடுத்துக் காட்டினார். கீழே வரும் எந்தக் கேஸானாலும் அந்த மூன்றில் எதை இங்கே பிடுங்க முடியும் என்று முதலில் பாருங்கள். மருந்து அதற்கு அப்புறம்.

முதல் வேலை: ஒரு டம்ளர்

நாறுகிற குழாயிலிருந்து கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் பிடித்து, கைகழுவும் தொட்டியை விட்டு விலகி முற்றத்துக்குப் போய் முகர்ந்து பாருங்கள். அங்கே நாற்றம் இல்லையென்றால் தண்ணீரில் ஒன்றும் இல்லை; கழிவுக் குழாயின் வளைவில் நிற்கும் சேறுதான் நாறுகிறது. வளைவைக் கழற்றிக் கழுவினால் முடிந்தது. இதற்குப் போய் கிணற்றில் மருந்து கொட்டிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

முற்றத்திலும் நாறினால் வெந்நீர்க் குழாய், பச்சைத்தண்ணீர்க் குழாய், கிணற்றடிக் குழாய் மூன்றிலும் தனித்தனியாகப் பிடித்து முகருங்கள். நடுவில் இரண்டு நிமிடம் வெளிக்காற்று வாங்குங்கள். இந்த வாயு மூக்கைச் சீக்கிரம் மரத்துப்போகச் செய்யும்.

"வெந்நீரில மட்டும்தான் நாறுது"

மூன்றில் சுலபமான கேஸ் இது. கிணற்றைத் தொடவே வேண்டாம். மின் ஹீட்டரிலும், எனாமல் பூசிய தொட்டி உள்ள சோலார் ஹீட்டரிலும் தொட்டி துருப்பிடிக்காமலிருக்க உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தொட்டியைக் காக்கிறது. கரையும்போது வெளிவருகிற ஹைட்ரஜன் இந்தப் பாக்டீரியாவுக்குப் பால்சோறு மாதிரி. வீடு பூட்டிக் கிடந்து, தொட்டியில் தண்ணீர் இளஞ்சூட்டில் இரண்டு வாரம் நின்றால் போதும், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் முதல் நாள் குளிக்கும்போதே கூப்பிடுவார்.

செய்ய வேண்டியது இது. மின்சாரத்தை அணைத்து, தொட்டி ஆறியபின் அடியிலுள்ள வால்வைத் திறந்து சேறு போகும்வரை வடியுங்கள். மீண்டும் நிரப்பி, சூட்டை 65 டிகிரிக்கு மேல் ஏற்றிச் சில மணி நேரம் வையுங்கள். அந்தச் சூட்டை இவை தாங்காது. அதற்கு முன் பிரஷர் வால்வு வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த நேரத்தில் யாரும் குழாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் திரும்பவும் நாறினால் மெக்னீசியம் கம்பியை எடுத்துவிட்டு அலுமினியம், துத்தநாகம் கலந்த கம்பியைப் போடச் சொல்லுங்கள். கம்பியே வேண்டாம் என்று துளையை அடைத்துவிட்டுப் போகிற பிளம்பரை விடாதீர்கள். நாற்றம் நின்றுவிடும், கொஞ்ச காலத்தில் தொட்டி ஓட்டையாகும்.

"காலையில முதல் வாளி நாறும், அப்புறம் சரியாயிடும்"

அப்படியானால் நிலத்தடி நீர் நல்ல நீர். கிணற்றின் சுவரில், போர் குழாயின் உள்பக்கத்தில், மேல்தொட்டியின் அடியில் எங்கோ ஒரு வழும்புப் படலம் ஒட்டியிருக்கிறது. இரவெல்லாம் நின்ற தண்ணீரில் அது சல்பைடைச் சேர்த்துவைக்கிறது. குளோரின் நன்றாகப் பலிக்கும் கேஸ் இதுதான், சரியாகச் செய்தால்.

கணக்கு சொல்கிறேன். இரண்டு மீட்டர் விட்டமுள்ள உறைக்கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 9,400 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டுமானால் 470 கிராம் குளோரின். 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் ஏறக்குறைய 1.6 கிலோ. 1,000 லிட்டர் மேல்தொட்டிக்கு இதே விகிதத்தில் 170 கிராம். ஆனால் அந்த 30 சதவீதம் புதிதாகப் பிரித்த பைக்குத்தான். நம் ஊர் ஈரக்காற்றில் பை பிரிந்து மூன்று மாதம் கிடந்த பவுடரில் பெயருக்குத்தான் குளோரின் இருக்கும். கட்டி தட்டி, முகர்ந்தால் சுண்ணாம்பு வாசனை மட்டும் வந்தால் தூக்கிப் போடுங்கள்.

பவுடரை நேரடியாகக் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, அரைமணி நேரம் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு போர்க்குழியில் போனால் ஊற்றுக்கண்ணை அடைக்கும். போருக்குத் திரவ ஹைப்போகுளோரைட் இன்னும் நல்லது. ஆறரை அங்குலப் போரில் 60 மீட்டர் நீர் நின்றால் அது வெறும் 1,280 லிட்டர்தான். அதற்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் வீதம் 130 கிராம் குளோரின் போதும். பாறை வெடிப்புக்குள் போகிற நீரையும் கணக்கில் வைத்து நான் அதை இரட்டிப்பாக்குவேன்.

பலர் விட்டுவிடுகிற படி ஒன்று உண்டு. மோட்டாரைப் போட்டு, கிணற்றடிக் குழாயில் ஹோஸ் மாட்டி, அந்தத் தண்ணீரையே திரும்பப் போருக்குள், உள்சுவர் முழுக்க நனையும்படி கால்மணி நேரம் சுற்ற விடுங்கள். வீட்டுக்குள் ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசனை வரும்வரை திறந்து மூடுங்கள். அப்புறம் 12 முதல் 24 மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது. அதற்கு மேல் விட்டால் மோட்டாரின் உலோகத்தை அரிக்கும். மறுநாள் வாசனை போகும்வரை இறைத்து வெளியே விடுங்கள். மீன் குளத்திலோ, வாழை மூட்டிலோ, கழிவறைத் தொட்டியிலோ விட வேண்டாம். முதலில் வரும் தண்ணீர் கலங்கிக் காவி நிறத்தில் வந்தால் பயப்பட வேண்டாம், உரிந்த படலமும் இரும்பும்தான்.

"போட்டேன், ஒரு வாரத்தில திரும்ப வந்துட்டு"

மணக்குடிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் எனக்கே இது நடந்தது. தொட்டியில் குளோரின் போட்டுக் கணக்காக ஒரு நாள் வைத்தேன். எட்டாம் நாள் அந்த வீட்டு அக்கா கூப்பிட்டார். போய்த் தொட்டியில் இறங்கி மூலையில் நகத்தால் சுரண்டினேன். மேலே ஒரு பழுப்புத் தோல்; அதன் கீழே கறுப்பாக, வெண்ணெய் மாதிரி வழவழவென்று, ஒரு ரூபாய் நாணயக் கனத்துக்கு. குளோரின் மேல்தோலைத்தான் வெளுத்திருந்தது. அடியில் இருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

காரணம் இரண்டு. தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவு, வழும்புக்குள் உட்கார்ந்திருப்பதைக் கொல்லப் போதாது. மேல் அடுக்கே மருந்தைத் தின்றுவிடும். இரண்டாவது, சல்பைடே குளோரினைத் தின்னும். ஒரு மில்லிகிராம் சல்பைடைச் சல்பேட்டாக முழுவதும் மாற்ற எட்டு மில்லிகிராமுக்கு மேல் குளோரின் வேண்டும். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் சல்பைடு உள்ள நீரில் நீங்கள் போடுகிற முதல் 16, 17 மில்லிகிராம் நாற்றத்தை அடக்கவே போய்விடும். நாற்றம் போனது, பாக்டீரியா சாகவில்லை. அதனால் வாசனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். குளோரின் போட்ட நான்கு மணி நேரம் கழித்து ஊராட்சிக்காரர்கள் வைத்திருக்கும் குளோரோஸ்கோப்பில் மிச்சக் குளோரினை அளந்து பாருங்கள். சோதனைக் குழாயில் நிறமே ஏறவில்லை என்றால் எல்லாம் செலவாகிவிட்டது, இன்னொரு முறை போட வேண்டும்.

ஆகவே முதலில் தேய்ப்பு. நைலான் பிரஷ், நல்ல வெளிச்சம், உடைந்த சேற்றை முழுக்க வெளியேற்றம். அதற்கப்புறம் குளோரின். பத்து நாள் கழித்து இன்னொரு முறை, பாதி அளவில்.

இங்கே இரண்டு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கறுப்புப் படலத்தின்மேல் ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். அது இரும்பு சல்பைடு. ஆசிட் பட்டவுடன் மொத்தமும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகக் கிளம்பும். மூடிய தொட்டிக்குள் தலையை விட்டிருப்பவர் மூச்சு நின்று விழுவார். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகக் கலந்தால் அது குளோரின் வாயு, இன்னொரு மரணம். படிகாரம் போட்டுத் தெளியவைக்கவும் வேண்டாம். நம் வீட்டுப் படிகாரமே ஒரு சல்பேட். நாறுகிற தொட்டியில் அதைப் போடுவது திருடனுக்குச் சாவி கொடுப்பது.

"எவ்வளவு இறைச்சாலும் நாறிக்கிட்டே இருக்கு"

அரைமணி நேரம் இறைத்தபின்னும் நாற்றம் குறையவில்லை என்றால் பூமிக்குள்ளேயே சல்பைடு இருக்கிறது. ராஜாக்கமங்கலம் முதல் தேங்காய்ப்பட்டணம் வரை கடலோரத்தில் இதைப் பார்க்கலாம். பங்குனி, சித்திரையில் நீர்மட்டம் இறங்கி உப்பு ருசி தட்டும்போதே நாற்றமும் வந்தால் கடல்நீர் உள்ளே வருகிறது என்று சந்தேகப்படுங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடும் 2,700 மில்லிகிராம் சல்பேட்டும் உண்டு. அதாவது ஏழுக்கு ஒன்று. கடல்நீர் கலந்து குளோரைடு 500 ஆன கிணற்றில் 70 மில்லிகிராம் சல்பேட் வந்து சேர்ந்திருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர விதியில் சல்பேட்டுக்கு 200 வரை இடமுண்டு. அந்தக் கணக்கில் இது நல்ல தண்ணீர். சல்பைடுக்கோ 0.05 மில்லிகிராம்தான் எல்லை. எழுபதில் ஒரு சதவீதத்தைப் பாக்டீரியா மாற்றினாலே எல்லையைப் போல நாலைந்து மடங்கு ஆகிவிடும்.

இப்படிப்பட்ட கிணற்றை ஒரு தடவை குளோரின் போட்டுத் திருத்த முடியாது. முதலில் குறைத்து, விட்டு விட்டு இறையுங்கள். மோட்டாரை மேலே தூக்கிக் கட்டுங்கள். அடியிலுள்ள கனத்த உப்புநீர் மேலே ஏறாது. அப்புறம் காற்று. மேல்தொட்டிக்குள் விழும் குழாய் முனையில் பூவாளி மாதிரி தலை மாட்டித் தூறலாக விழச் செய்யுங்கள், தொட்டி மூடியில் வலை போட்ட காற்றுவழி வையுங்கள். தண்ணீரின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 6 ஆனால் சல்பைடில் பத்தில் ஒன்பது பங்கு வாயு வடிவில் இருக்கும், தூறலில் பறந்துவிடும். பி.எச். 7ல் பாதி. 8 ஆகிவிட்டால் பத்தில் ஒரு பங்குதான் பறக்கும், மிச்சம் கரைந்தே நிற்கும். அங்கே தூறல் ஏமாற்றும், சொட்டுசொட்டாகக் குளோரின் விடும் சிறு பம்பு வைத்து, பின்னால் கரி வடிகட்டி போட வேண்டியிருக்கும். பி.எச். பார்க்காமல் வடிகட்டி வாங்காதீர்கள். காற்றூட்டுவது மட்டுமே போதுமாயிருந்த வீடுகளில் பெரிய பில்டர் மாட்டிவிட்டுப் போயிருப்பதைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

"கறுப்பாத் துகள் வருது, குழாயில ஓட்டை"

போரிலிருந்து தூக்கிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் அங்கங்கே முண்டுமுண்டாகக் கறுப்புக் கட்டி. கத்தியால் ஒன்றைப் பெயர்த்தேன். கீழே துருவே இல்லை. பளபளவென்று வெள்ளிபோல மின்னும் குழி, சுண்டுவிரல் நுனி அளவில். பார்க்கச் சுத்தமாக இருக்கும் அந்த மினுக்கம்தான் இந்தப் பாக்டீரியாவின் கையெழுத்து. சாதாரணத் துரு பரவலாகச் சொரசொரப்பாக அரிக்கும். இது ஒரே இடத்தில் துளைக்கும்.

உறுதிசெய்ய இரண்டு எளிய வழி. ஈரமான கறுப்பைக் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் தாளில் தடவி வெயிலில் வையுங்கள். இரும்பு சல்பைடானால் சில மணி நேரத்தில் காற்றுப் பட்டுப் பழுப்பாகும். அல்லது அரிசி அளவு துணுக்கின்மேல், திறந்த வெளியில், சில துளி வினிகர் விடுங்கள். ஒரு நிமிடத்தில் கூமுட்டை நாற்றம் எழும்பும். மாங்கனீசுக் கறுப்பு இரண்டிலும் அசையாது.

1934ல் ஹாலந்தைச் சேர்ந்த இருவர், ஃபான் வோல்ட்சோகன் க்யூரும் ஃபான் டெர் ஃப்ளுக்ட்டும், காற்றே இல்லாத ஈரமண்ணில் இரும்புக் குழாய் ஏன் அரிக்கிறது என்பதற்கு இந்தப் பாக்டீரியாவைக் காரணம் காட்டினார்கள். இரும்பின் மேற்பரப்பில் சேரும் ஹைட்ரஜனை இவை தின்றுகொண்டே இருப்பதால் அரிப்பு நிற்காமல் நடக்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

ஓட்டை விழுந்த குழாய்க்கு மருந்து கிடையாது. போருக்குள் இறக்கும் பிவிசி காலம் (column) குழாயாக மாற்றுங்கள், மாற்றுகிற அன்றே போருக்குக் குளோரின் கொடுங்கள். கறுப்புக் கட்டியோடு பழைய குழாயைத் திரும்ப இறக்கினால் விதை போட்டு அனுப்புகிற மாதிரி.

"ரப்பர் குழி நாறுது, அயல்வீட்டுக்காரர் சண்டைக்கு வாறார்"

அருமனை, குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் என்னை அதிகம் அலையவைத்தது இந்தக் கேஸ். ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடித்தபின் மிஞ்சும் சீரம் என்ற கழிவுநீர் போய்ச் சேரும் குழி இது. அந்தச் சீரத்தில் புரதம், சர்க்கரை எல்லாம் உண்டு. பாக்டீரியாவுக்குக் கல்யாணச் சாப்பாடு. அதோடு சல்பேட்டும் சேர்ந்தால் குழி கறுக்கும், குமிழி விடும், பக்கத்தில் மாட்டிய பித்தளைப் பூட்டுகூடக் கறுத்துப்போகும்.

நான் முதலில் கேட்பது: எந்த ஆசிட்டில் உறையவைக்கிறீர்கள்? ஃபார்மிக் ஆசிட் என்றால் அதிலிருந்து சல்பேட் வராது. விலை குறைவு என்று கந்தக ஆசிட் வாங்கினால், ஒரு கிலோ ஆசிட்டில் கிட்டத்தட்ட முழுக் கிலோ சல்பேட் இருக்கிறது. அது முழுவதும் ஒடுங்கினால் சுமார் 350 கிராம் ஹைட்ரஜன் சல்பைடு. ஆசிட்டை மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடான மருந்து கடையில் இல்லை. பால் முன்னதாக உறையாமலிருக்கச் சோடியம் சல்பைட் (sulphite, சல்பைடு அல்ல) போடுகிறவர்கள் அளவைக் குறையுங்கள். அதையும் இவை ஒடுக்கும். பாலைச் சுழற்றிக் கெட்டியாக்கும் சென்ட்ரிஃபியூஜ் ஆலைகளில், மிஞ்சும் நீர்த்த ஸ்கிம் பாலை உறையவைக்கக் கந்தக ஆசிட்டையே நம்பியிருப்பதால் அங்கே சிக்கல் பெரிது.

ஆசிட் மாற்றியும் குழியில் பழைய சேறு இருக்கிறது, நாற்றம் இன்றே அடங்க வேண்டும் என்றால் என்ன செய்யலாம்?

சுண்ணாம்பு மலிவு. பி.எச். 9ஐத் தாண்டினால் சல்பைடு வாயுவாகப் பறக்காது, பாக்டீரியாவும் சோரும். ஆனால் சல்பைடு அங்கேயேதான் கரைந்து நிற்கிறது. மறுநாள் காலை புளித்த சீரத்தை அதே குழியில் கொட்டினால் சேர்ந்தது முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வரும். சுண்ணாம்பு போட்ட குழிக்குள் புதுச் சீரம் விடாதீர்கள். வேறு குழி இல்லையென்றால் சுண்ணாம்பே வேண்டாம்.

ஃபெரிக் குளோரைடு சல்பைடைப் பிடித்துக் கறுப்பாக அடியில் இறக்கும். ஒரு கிராம் சல்பைடு முழுவதும் இரும்பு சல்பைடாக (FeS) இறங்கினால் அதில் 1.75 கிராம் இரும்பு இருக்கும், நடப்பில் கூடுதல் வேண்டும். இது பாக்டீரியாவைக் கொல்லாது, நாற்றத்துக்கு மட்டும் கட்டுப்போடும். இரும்பு என்றதும் அன்னபேதி வாங்கிவிடாதீர்கள். அது ஃபெரஸ் சல்பேட்.

மயில்துத்தம் (செம்பு சல்பேட்) ரப்பர்க்காரர் வீட்டில் எப்போதும் இருக்கும், இலையுதிர்வு நோய்க்குத் தெளிக்க வாங்கியது. அதைக் குழியில் போடுகிறவர்கள் நிறைய. செம்பைச் சல்பைடு உடனே பிடித்துக் கறுப்பாக இறக்கிவிடும். விஷம் பலிக்காது, சல்பேட் மட்டும் மிச்சம். போதாக்குறைக்குச் செம்பு பட்ட ரப்பர் பிசுபிசுத்துக் கெடும்.

நைட்ரேட்டில் அழகான ஒரு உபாயம் இருக்கிறது. அது விஷமில்லை, போட்டிக்கு வேறு ஆள் விடுவது. நைட்ரேட்டை வைத்து மூச்சுவிடும் பாக்டீரியாக்கள் வளர்ந்து தீனியைப் பறித்துக்கொள்ளும், சில வகைகள் சல்பைடையே தின்னும். இடையில் உண்டாகும் நைட்ரைட், சல்பைட்டைச் சல்பைடாக்கும் நொதியையே அடைக்கும். கடலடி எண்ணெய்க் கிணறுகளிலும் கழிவுநீர்க் குழாய்களிலும் இதைச் செய்கிறார்கள். ஒரு கிராம் சல்பைடுக்குச் சுமார் மூன்று கிராம் நைட்ரேட் என்பது ஏட்டுக் கணக்கு. நம் குழியில் அந்தக் கணக்குப் பொய்க்கும். சீரத்தில் தீனி அவ்வளவு இருப்பதால் நைட்ரேட் சல்பைடைத் தேடிப் போகாமல் அங்கேயே செலவாகும். நிறுத்திய சில நாளில் நாற்றம் திரும்பும். கிணறு பக்கத்தில் இருந்தால் தொடவே வேண்டாம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆபத்து. நீண்ட வாய்க்காலுக்கு இது நல்லது, குழிக்கு நான் சொல்ல மாட்டேன்.

மாலிப்டேட் பற்றிப் படித்துவிட்டுக் கேட்ட தம்பிமார் உண்டு. உண்மையிலேயே கூர்மையான தடுப்பான் அது. சல்பேட்டைப் போன்ற உருவம். பாக்டீரியா ஏமாந்து உள்ளே எடுத்து, தன் சக்திச் சேமிப்பான ஏடிபியைச் செலவழித்து, நிலைக்காத ஒரு சேர்மத்தை உண்டாக்கி உண்டாக்கிச் சக்தி தீர்ந்துபோகும். ஆய்வகக் குடுவைக்குச் சரி. அந்தத் தண்ணீர் பாய்கிற புல்லைத் தின்னும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மாலிப்டினம் மிகுந்தால் உடம்பில் செம்புக் குறை வரும். தோட்டத்தில் விட முடியாது.

குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினி தொழிற்சாலைகளில் நன்றாக வேலை செய்யும், புரதத்தைக் கோத்து உறையவைத்துக் கொல்லும். ஆனால் அம்மோனியா அதைச் செல்லாக்காசு ஆக்கிவிடும். பாலைக் காக்க அம்மோனியா போட்ட கழிவில் எவ்வளவு ஊற்றினாலும் வீண், பேரல் பேரலாக.

ஆக ரப்பர் குழிக்கு என் வரிசை: ஆசிட் மாற்று, சேற்றை வாரி வெளியே எடு, ஆழக்குழிக்குப் பதில் அகலமான ஆழமற்ற தொட்டி, அதில் காற்றூட்டல். இரும்புக் குளோரைடு இடைக்கால உதவி.

வாருவது என்றால் யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது. காற்றைவிடக் கனமான வாயு, அடியில் கிடக்கும். சேற்றைக் கிளறும்போது கிளம்பும். மேலிருந்து பம்பால் உறிஞ்சுங்கள். நாற்றம் திடீரென்று நின்றுவிட்டது என்றால் அது நல்ல சேதி அல்ல: காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு ஆனதும் மூக்கு செத்துப்போகும். அதைப்போல சில மடங்கு ஏறினால் ஆள் விழுவார். விழுந்தவரைத் தூக்க இரண்டாவது ஆள் இறங்குவதுதான் ஒரே குழியில் இரண்டு மூன்று சாவு விழக் காரணம். மெழுகுவத்திச் சோதனை இந்த வாயுவைக் காட்டாது.

சின்னச் சின்னக் கேஸ்கள்

காயலில் கதம்பை (தேங்காய் மட்டை) அழுகப்போட்ட இடத்தின் கறுப்புச் சேறும் நாற்றமும் இதே பாக்டீரியாவின் வேலை. அங்கே மருந்து போடவே கூடாது. மீனும் மட்டியும் வாழ்கிற நீர். நீரோட்டம் திறந்துவிடுவதுதான் வழி.

சாண எரிவாயு நாறினால், அடுப்பின் பித்தளை கறுத்தால், தொட்டிக்குள் கிருமிநாசினி ஊற்றாதீர்கள். மீத்தேன் செய்யும் நுண்ணுயிர்தான் முதலில் சாகும். வாயு வரும் குழாயில் துருப்பிடித்த இரும்புச் சீவல் அடைத்த ஒரு துண்டுக் குழாயை மாட்டுங்கள். சீவல் கறுத்ததும் மாற்றுங்கள். வெளியே எடுத்தால் காற்றுப் பட்டுச் சூடேறும், ஓலைப்புரைக்குப் பக்கத்தில் கொட்டாதீர்கள்.

துறைமுகங்களை ஒட்டிய ஐஸ் ஆலைகளில் கண்டென்சர் தண்ணீர் கறுத்தால் முதலில் அம்மோனியாக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கசிந்தால் குளோரினும் பலிக்காது, குளூட்டரால்டிஹைடும் பலிக்காது. கசிவு இல்லாமல் நீர் ஏற்கெனவே கறுத்து நாறினால் ஐசோதையசோலினோன், டிபிஎன்பிஏ (DBNPA) வகைக் கிருமிநாசினிகளை வாங்காதீர்கள். சல்பைடு அவற்றைச் சிதைத்துவிடும். அந்த நிலையில் குளூட்டரால்டிஹைடு அல்லது டிஎச்பிஎஸ் (THPS) என்ற கிருமிநாசினி. இரண்டாவது கறுப்பு இரும்பு சல்பைடைக் கரைக்கவும் உதவும். சேற்றை வாரியபின், வடிகால் வால்வை மூடிவிட்டு, டப்பாவில் அச்சிட்ட அளவை ஒரே தடவையில் போடுங்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் மருந்து தாங்குகிறவை மட்டும் மிஞ்சும்.

"நாத்தம் போயிட்டு. போயிட்டுன்னு எப்படித் தெரியும்?"

கேட்க வேண்டிய கேள்வி, கேட்பவர்கள் குறைவு. குளோரின் வாசனை முழுக்கப் போய் ஒரு வாரம் ஆனபின், வெந்நீரில் கழுவிய கண்ணாடி பாட்டிலில் ஒரு புதிய இரும்பு ஆணியைப் போட்டு, கழுத்துவரை, காற்றுக் குமிழியே இல்லாமல் தண்ணீர் நிரப்பி இறுக மூடுங்கள். அலமாரிக்குள் இருட்டில் வையுங்கள். துருவின் காவி நிறம் வந்தால் இயல்பு. ஆணியைச் சுற்றிக் கறுத்து, திறக்கும்போது கூமுட்டை நாற்றம் வந்தால் அவை இன்னும் இருக்கின்றன. ஆய்வகத்தில் லாக்டேட் என்ற தீனி கலந்த வளர்ப்பு ஊடகத்தில் 28 நாள் வரை வைத்துப் பார்ப்பார்கள். வீட்டுப் பாட்டில் அவ்வளவு கூர்மையானது அல்ல. கறுக்காததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம், கறுத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். பாட்டிலின்மேல் தேதியை எழுதி ஒட்டி வைத்துவிட்டு, மூன்று வாரம் கழித்துத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.